தளவாய்புரத்தில் என்று கணினி எழுத வேண்டுமானால்

பைத்தான் நிரலில் மேற்கோள் குறிகளுக்குள் எழுதப்படும் எழுத்துத் தொடருக்குச் சரம் என்று பெயர். தமிழ்நாட்டின் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலும் அப்படித்தான் சொல்கிறது. இரண்டு சரங்களுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் அவை ஒன்றாகிவிடும். "தளவாய்" + "புரம்" என்று கொடுத்தால் "தளவாய்புரம்" என்ற ஊர்ப்பெயர் கிடைக்கும்.

கணினி தானாக எதையும் சேர்க்காது. "தளவாய்புரம்" + "நைட்டி" என்றால் இடைவெளியே இல்லாமல் ஒட்டி வரும். நடுவில் " " என்ற வெற்றிடச் சரத்தையும் கூட்ட வேண்டும். "அளவு: " + 40 என்று துணியின் லேபிளுக்கு எழுதினால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். எண்ணை முதலில் சரமாக மாற்றித் தரவேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் பிழை காட்டாது, தானே மாற்றிக்கொள்ளும். ஆனால் அங்கே "40" + 5 என்பது 405 ஆகிவிடும். தொடக்கத்திலேயே பிழை காட்டி நிறுத்தும் மொழிதான் கற்பவருக்கு நல்லது.

தமிழில் உண்மையான சிக்கல் வேற்றுமை உருபில் வருகிறது. "தளவாய்புரம்" + "இல்" என்றால் கணினி "தளவாய்புரம்இல்" என்றே எழுதும். புணர்ச்சி விதி அதற்குத் தெரியாது. மகர மெய் கெட்டு, அத்துச் சாரியை வந்து, "தளவாய்புரத்தில்" ஆவதை நிரல் எழுதுபவர்தான் சொல்லித்தர வேண்டும். ஈற்றில் உள்ள "ம்" நீக்கி "த்தில்" சேர்த்தால் போதும் என்று தோன்றும். ஆனால் கடைசிக் குறியீட்டை மட்டும் நீக்கினால் "தளவாய்புரமத்தில்" என்று வரும். யூனிகோடில் "ம்" என்பது மகரமும் புள்ளியுமாக இரண்டு குறியீடுகள். கண்ணுக்கு 7 எழுத்தாகத் தெரியும் தளவாய்புரம் கணினிக்கு 11. ஆகவே இரண்டை நீக்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இது பொருந்தாது. அங்கே புள்ளியை மட்டும் எடுத்துவிட்டு, இகரக் குறியோடு "ல்" சேர்த்தால் "ஸ்ரீவில்லிபுத்தூரில்" சரியாக வரும். சிவகாசியில் எதையும் நீக்க வேண்டியதில்லை. உடம்படுமெய்யோடு "யில்" சேர்த்தால் போதும். ஈரோடு "ஈரோட்டில்" ஆவதால் அதற்கு இன்னொரு விதி வேண்டும். ஊர்ப்பெயரின் ஈற்றைப் பார்த்து எந்த விதி என்று தேர்ந்தெடுக்கும் சிறு நிரல், தொடக்க நிலை மாணவருக்கு மிகச் சிறந்த பயிற்சி: சரம், நிபந்தனை, இலக்கணம் மூன்றும் அதில் வந்துவிடுகின்றன. குறியீடுகளை எண்ணும் தொல்லையைத் தவிர்க்க 'ஓப்பன் தமிழ்' என்ற திறமூல நிரலகம் உதவும். அது தளவாய்புரத்தை த, ள, வா, ய், பு, ர, ம் என்று 7 எழுத்தாகவே பிரித்துத் தருகிறது.