பாட்டில் பாடும் பாடம்

காலிப் பாட்டிலின் வாயோரம் ஊதுங்கள். 'பூம்' என்று தாழ்ந்த ஒலி எழுகிறதல்லவா? கழுத்திலுள்ள காற்று எடையாகவும் உள்ளிருக்கும் காற்று சுருள்வில்லாகவும் அமைந்து அதிர்கின்றன. காரின் சப்-வூஃபர் பெட்டியில் குழாய் வைப்பதும் இத்தத்துவப்படியே. கூம்பின் பின்புற ஒலி வீணாகாமல் குழாய் வழியே வந்து முன்புற ஒலிக்குத் துணைசேர்க்கிறது. இதற்கு அமெரிக்கரான ஆல்பர்ட் துராஸ் 1932இல் காப்புரிமை பெற்றார். குழாய் நீண்டால் அதிர்வெண் குறையும். அந்த அதிர்வெண்ணுக்கும் கீழே கூம்புக்குக் காற்றின் பிடிப்பு இராது. அங்கே ஒலியைக் கூட்டினால் கூம்பு கெடும்.

கம்பி இணைப்பிலும் கவனம் தேவை. 4 ஓம் சுருள்கள் இரண்டு தொடர் இணைப்பில் 8 ஓம். பக்க இணைப்பில் 2 ஓம். 4 ஓமுக்குக் குறையக்கூடாத ஆம்ப்ளிபயரில் 2 ஓம் இணைத்தால், மின்னோட்டம் மிகுந்து அது கருகலாம்.

பாட்டரியின் அருகிலேயே மின் உருகி வேண்டும். கம்பி உரசிக் காரின் உலோக உடலைத் தொட்டால், உருகி தான் உருகிக் காரைக் காக்கும்!