முள்ளந்தண்டு மூட்டுவாதமும் மாற்றுச் சிகிச்சைகளும்

முதுகுவலிகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. பாரந் தூக்கியதால் வரும் வலி வேலையில் மிகும், ஓய்வில் தணியும். அங்கைலோசிங் ஸ்பொண்டிலைற்றிஸ் எனப்படும் முள்ளந்தண்டு மூட்டுவாதமோ ஓய்வில் மிகுந்து அசைவில் தணிவது. பெரும்பாலும் 45 வயதுக்கு முன்னரே தொடங்கிப் பின்னிரவில் உறக்கத்தைக் கலைத்து, காலையில் முதுகை விறைக்கச் செய்யும். இவ்வேறுபாடு உணரப்படாமையால் நோயாளர் பலர் ஆண்டுக்கணக்கில் நோய் இன்னதென அறியாது அலைகின்றனர்.

உடலைக் காக்கவேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி உடலின் இழையங்களையே தாக்குவதால் விளையும் நோய்களுள் ஒன்றாக இது கருதப்படுகின்றது. இணையங்கள் என்பைப் பற்றும் இடங்களிலும், இடுப்பென்புக்கும் திருவென்புக்கும் இடைப்பட்ட மூட்டுக்களிலும் அழற்சி தோன்றும். நாளடைவில் அங்கே புதிய என்பு வளர, முள்ளென்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடலாம். எச்.எல்.ஏ.-பி27 என்னும் பரம்பரைக் குறிக்கும் இந்நோய்க்குமுள்ள தொடர்பு 1973இல் வெளியிடப்பட்டது. எனினும், அக்குறியை உடையோருட் பெரும்பாலோர் நோயுறுவதில்லை.

மாற்றுச் சிகிச்சை பற்றிய விவாதங்களில் அமெரிக்கப் பத்திரிகாசிரியர் நோர்மன் கசின்ஸ் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவார். 1964இல் இந்நோய் கண்டதாகக் கூறப்பட்ட அவர், உயிர்ச்சத்து சீயைப் பேரளவிலே ஏற்றியும் நகைச்சுவைப் படங்களைப் பார்த்துச் சிரித்தும் குணமடைந்ததாக 1976இல் மருத்துவ இதழொன்றில் எழுதினார். ஆயின், இந்நோய் தானாகவே தணிந்தும் மூண்டும் வருவது. தணியும் வேளையில் உட்கொண்டது எதுவாயினும் அதுவே குணந் தந்ததாகத் தோன்றும். ஒருவரது அனுபவம், அது எத்துணை நேர்மையானதாயினும், நிரூபணமாகாது.

இங்ஙனம் நோக்குமிடத்து மாற்று முறைகள் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்தல் பொருந்தாது. ஒழுங்கான உடற்பயிற்சி, நீச்சல், மூச்சுப்பயிற்சி ஆகியன சிகிச்சையின் அடிப்படை அங்கங்களேயாம். வெந்நீர் ஒற்றடமும் மென்மையான எண்ணெய்த் தேய்ப்பும் விறைப்பைத் தற்காலிகமாகத் தளர்த்தலாம். முள்ளென்புகள் ஒட்டியவரின் முதுகை வலிந்து முறித்து நெட்டியெடுத்தலோ முறிவையும் முண்ணாண் சேதத்தையும் விளைவிக்கக்கூடும். ஈயம், இரசம் கலந்த மருந்துகள் நஞ்சாகலாம். புகைத்தலை விடுதல் எவருக்கும் நன்று. கண் சிவந்து வலித்து ஒளிக்குக் கூசுமாயின் உடனடியாகக் கண் வைத்தியரை நாடவேண்டும்.

அழற்சியெதிர் மாத்திரைகளே மருந்துகளில் முதலிடம் பெறுவன. அவை போதாவிடத்து எற்றனர்செப்ற் போன்ற உயிரியல் மருந்துகள் பயன்படுகின்றன. இந்நோய்க்கு அம்மருந்தை அமெரிக்கா 2003இல் அங்கீகரித்தது. இவற்றின் விலையோ ஏழைகளுக்கு எட்டாதது. ஆகவே மாற்று வைத்தியத்தை நாடுவோரை அறியாமையுடையோர் எனப் பழித்தல் தகாது. பயன்தரும் மருந்தை அவர்க்கு எட்டச் செய்வதும், எம்முறையையும் ஒரே அளவுகோலால் ஆராய்வதுமே அறிவுலகின் கடமையாகும்.