ஒரே வகுப்பறை: சட்டம் உண்டு, ஆசிரியர் எங்கே?

பெங்களூரு, லிங்கராஜபுரத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளும் பிற குழந்தைகளும் ஒன்றாக அமர்ந்து படிக்கும் பள்ளி, சிரத்தாஞ்சலி ஒருங்கிணைந்த பள்ளி. இதை நடத்துவது 1959-ல் தொடங்கப்பட்ட ஏ.பி.டி. என்ற தொண்டு நிறுவனம்.

அரசு நிதியோ அங்கீகாரமோ பெறும் எல்லாப் பள்ளிகளும் இக்குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு. அச்சட்டம் 2016-ல்தான் வந்தது.

சேர்த்தால் போதுமா? சைகை மொழியோ பிரெய்லோ அறிந்த ஆசிரியர் இல்லையேல், அக்குழந்தையின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும். பாடம் அதைச் சென்றடையாது.

தொடக்க வகுப்புகளில் 10 மாணவருக்கும், மேல் வகுப்புகளில் 15 மாணவருக்கும் ஒரு சிறப்பாசிரியர் என 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்தது. அதற்கான பணியிடங்களை மூன்று வாரங்களுக்குள் அறிவிக்குமாறு, 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு அந்நீதிமன்றமே உத்தரவிட வேண்டியதாயிற்று.