சுவரில் போட்ட வெள்ளக்கோடு
(வானொலி உழவர் நிகழ்ச்சியில் பேசியது)



அரியமங்கலத்தில் எங்கள் பழைய வீட்டுச் சுவரிலே, திண்ணைக்கு ஒரு முழம் மேலே, ஒரு காவிக்கோடு உண்டு. வெள்ளையடிக்கும்போதெல்லாம் அப்பா அதை மட்டும் விட்டுவிடச் சொல்வார். 1977 நவம்பர் 12-ஆம் தேதிப் புயலில் தண்ணீர் ஏறிய மட்டம் அது.

அன்று விடியற்காலை நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறிய புயல், திருச்சிப் பக்கமும் மழையைக் கொட்டியது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வடக்கே காவிரிக்கரைக்குத்தான் ஓடினார்கள். 1924 ஜூலை வெள்ளத்தின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். "காவிரி கரை தாண்டினாத்தான் நமக்கு ஆபத்து" என்பது அவர்கள் கணக்கு. தண்ணீரோ பின்பக்கமாக, உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கமிருந்து வந்துவிட்டது. குறுவையில் எடுத்துவைத்த விதைநெல் இரண்டு மூட்டையும் குதிருக்குள்ளேயே முளைத்துப் போச்சு. அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கக் கடன்தான்.

அப்பா கோடு போட்டபோது அம்மா கேட்டாள்: "ஏங்க, எவ்வளவு வந்துச்சுன்னு போட்டாப் போதுமா? எந்தப் பக்கமா வந்துச்சுன்னும் போடுங்க."

அம்மா கேட்டதில் பெரிய விஷயம் இருக்கிறது. நமக்கு வெள்ளம் இரண்டு வகை. ஆடி ஆவணியில் வருவது குடகிலும் மைசூர்ப் பக்கத்திலும் பெய்த மழை. அது காவிரி வழியே வரும், வந்துசேர நாளாகும். 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணை அதில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும். அணை நிரம்பிவிட்டால் தாங்காது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் மதகுகள் அடித்துக்கொண்டு போனது இந்த வகை வெள்ளத்தில்தான்.

ஐப்பசி கார்த்திகையில் வருவது நம் தலைக்கு மேலேயே பெய்கிற மழை. கோரையாறு, அரியாறு, குடமுருட்டி எல்லாம் மேட்டூருக்குக் கீழே சேருகிறவை. அவற்றை அந்த அணை தடுக்க முடியாது. ஒரே ராத்திரியில் வந்துவிடும். 1977-இல் வந்தது இதுதான். 2005 நவம்பரிலும் இப்படித்தான்.

ஆகவே, உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதி வையுங்கள்: எந்த மாதம் வந்தது? எந்தப் பக்கமாக வந்தது? எந்த மட்டம் ஏறியது? ஐப்பசிக்கு முன்னால் வடிகாலைத் தூர் வாருங்கள். விதைநெல்லை அந்த மட்டத்துக்கு மேலே பரணில் ஏற்றுங்கள். மாட்டை மேட்டில் கட்டுங்கள்.

அரியமங்கலம் இப்போது மாநகராட்சிக்குள் இருக்கிறது. எங்கள் வயலும் வீட்டு மனையாகிவிட்டது. ஆனாலும் தண்ணீர் வரும் வழி பழைய வழிதான். கோட்டுக்குப் பக்கத்தில் அப்பா போட்ட அம்புக்குறி இன்னும் இருக்கிறது.