எங்கள் கூரையில் ஏறும் பேனலை யார் செய்தார்கள்?

ஸ்பிரிங்வேலில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் சோலார் பேனல் ஏறிவிட்டது. பக்கத்து வியட்நாமியக் குடும்பம் போட்டாயிற்று, எதிர்வீட்டுக் கம்போடியக்காரரும் போட்டாயிற்று. கரண்ட் பில்லைப் பார்த்துப் பார்த்து நாங்களும் போடுவோம் என்று முடிவெடுத்தோம். ஒரு சனிக்கிழமை, பேனல் பூட்டிக் கொடுக்கும் நம்மட தம்பி ஒருவர் மூன்று விலைப்பட்டியல்களோடு வந்தார். எத்தனை கிலோவாட், எத்தனை வருட உத்தரவாதம், அரசாங்கக் கழிவு எவ்வளவு என்று எல்லாம் நன்றாகத்தான் விளக்கினார்.

தேத்தண்ணி குடித்துக்கொண்டு பேசாமல் இருந்த அப்பா திடீரென்று கேட்டார். "தம்பி, இதை யாரு செய்யிறாங்க?"

"எல்லாம் சைனாவில செய்யிறது ஐயா."

"அது சரி. செய்யிறவங்களுக்குக் கூலி ஒழுங்கா குடுக்குறாங்களா?"

தம்பி என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டியவள் நான்தான். டண்டினோங் தெற்கில், பேனல்களைக் கூரையில் பொருத்தும் அலுமினியச் சட்டங்கள் செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் பிரிவில் வேலை செய்கிறேன். இந்தச் சங்கிலியில் நானும் ஒரு கண்ணி.

அவுஸ்திரேலியாவில் 40 இலட்சத்துக்கும் அதிகமான கூரைகளில் இன்று சோலார் இருக்கிறது. ஏறக்குறைய மூன்று வீட்டுக்கு ஒன்று. அந்தப் பேனல் எப்படி உருவாகிறது? குவார்ட்ஸ் கல்லை உருக்கிச் சிலிக்கன் எடுக்கிறார்கள். அதைச் சுத்தப்படுத்திப் பொலிசிலிக்கன் ஆக்கி, மறுபடி உருக்கிக் கட்டியாக்கி, மெல்லிய வில்லைகளாக அறுத்து, மின்கலமாக்கி, கடைசியில் கண்ணாடிக்குள் வைத்துப் பேனல் ஆக்குகிறார்கள். பொலிசிலிக்கனில் இருந்து பேனல் வரை ஒவ்வொரு கட்டத்திலும் உலக உற்பத்தித் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவிடம் இருக்கிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2022இல் சொன்னது.

அதற்கு முந்தைய வருடம், 2021 மே மாதம், பிரித்தானியாவின் ஷெபீல்ட் ஹலம் பல்கலைக்கழகம் ஒரு ஆய்வை வெளியிட்டது. உலகின் பொலிசிலிக்கனில் சுமார் 45 சதவீதம் சீனாவின் சின்ஜியாங் பகுதியிலிருந்து வந்தது என்றும், அங்கே உய்குர் மக்களைக் கட்டாயப்படுத்தி வேலைக்கு அனுப்பும் அரசுத் திட்டங்களோடு அந்தத் தொழில் பின்னிக் கிடக்கிறது என்றும் அது காட்டியது. சீன அரசு இதை மறுக்கிறது. அமெரிக்கா 2022 ஜூனிலிருந்து, சின்ஜியாங் பொருள் என்றாலே கட்டாய உழைப்பில் வந்தது என்று எடுத்துக்கொள்கிறது. இல்லையென்று இறக்குமதியாளர்தான் நிரூபிக்க வேண்டும்.

நம் நாட்டில் அப்படி இல்லை. இங்கே இருப்பது 2018ஆம் ஆண்டின் நவீன அடிமைத்தனச் சட்டம். ஆண்டு வருமானம் 100 மில்லியன் டொலருக்கு மேல் உள்ள நிறுவனங்கள், தங்கள் விநியோகச் சங்கிலியில் அடிமை உழைப்பு இருக்கும் ஆபத்து பற்றி வருடாவருடம் அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால்? சட்டத்தில் தண்டம் எதுவும் வைக்கவில்லை. 2023இல் வெளியான மீளாய்வு, தண்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது.

எங்களைப் போன்ற சிறிய இடங்களுக்கு இந்தச் சட்டம் கேள்வித்தாளாக வந்து சேர்கிறது. பெரிய நிறுவனம் அனுப்பும். "உங்கள் விநியோகஸ்தர்கள் யாரிடமும் கட்டாய உழைப்பு இல்லை என்பதை உறுதி செய்துள்ளீர்களா?" ஆம், இல்லை. ஓடர் போய்விடுமே என்று நான் எல்லாவற்றுக்கும் "ஆம்" போட்டு அனுப்புவேன். ஒருவரிடமும் கேட்டதில்லை. இதுதான் உண்மை.

அன்று இரவு அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "வெளியாளுங்க பாக்க வாராங்கன்னா, மொதநாளே லயத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிருவாங்க. வந்தவங்க வெள்ளைச் சுவரைப் பாத்துட்டு நல்லாயிருக்குன்னு எழுதிட்டுப் போவாங்க. உள்ள வந்து ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்ல," என்றார்.

என்னுடைய "ஆம்" எல்லாம் அந்தச் சுண்ணாம்புதான்.

சுவருக்கு உள்ளே போய்க் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. ஃபர்ஸ்ட் சோலார் என்ற அமெரிக்க நிறுவனம் சிலிக்கன் இல்லாத பேனல் செய்கிறது. தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் பிள்ளைப்பாக்கத்தில் அதன் தொழிற்சாலை 2024 ஜனவரியில் திறந்தது. சிலிக்கன் இல்லாததால் சின்ஜியாங் பிரச்சினையும் இல்லை, சுத்தமான பேனல் என்று பேரெடுத்த நிறுவனம். ஆனால் மலேசியாவில் உள்ள தன் ஆலையில் வெளித் தணிக்கை செய்தபோது, அங்கே வேலைக்கு ஆள் கொடுத்த நான்கு ஒப்பந்தக்காரர்களிடம் கட்டாய உழைப்பின் அடையாளங்கள் அகப்பட்டன. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சொந்த நாட்டிலேயே வேலைக்காகக் கட்டணம் கட்டியிருந்தார்கள். கடவுச்சீட்டைப் பிடித்து வைத்திருந்தார்கள். சம்பளத்தையும் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருந்தார்கள்.

2023 ஆகஸ்டில் நிறுவனமே இதை வெளியில் சொன்னது. வாங்கிய கட்டணத்தைத் தொழிலாளருக்குத் திருப்பிக் கொடுக்க வைக்க நடவடிக்கை எடுத்ததாகவும் சொன்னது.

இதைப் படித்ததும் எனக்கு "துண்டு" ஞாபகம் வந்தது. இலங்கைத் தோட்டங்களில் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் அவனுடைய கடன் எழுதிய துண்டு வேண்டும். அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டம்தான் அவனை எடுக்கலாம். கங்காணி கொடுத்த முன்பணத்தில் தொடங்கும் கடன் அது. 1921இல் துண்டு முறையை ஒழித்தார்கள். நூறு வருடத்துக்குப் பிறகும் கடனும் காகிதமும் வைத்து ஆளைக் கட்டிப்போடும் வித்தை அப்படியே இருக்கிறது.

"அப்ப சோலாரே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. நிலக்கரி மட்டும் சுத்தமா? 2014இல் இதே விக்டோரியாவில் ஹேசல்வுட் சுரங்கம் 45 நாள் எரிந்தது. அந்தப் புகையை மூச்சாக இழுத்தவர்கள் மோர்வெல் மக்கள். வெயிலில் வரும் கரண்ட் நமக்கு வேண்டும்தான். அதைச் செய்யும் கைகளையும் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிழை கண்ட உடனே அந்த விநியோகஸ்தரை வெட்டிவிடுவதும் தீர்வில்லை. வெட்டினால் தொழிலாளி கடனோடு தெருவில் நிற்பான். அடுத்த விநியோகஸ்தர் இன்னும் நன்றாக மறைப்பார். பிழையைச் சொல்கிறவரோடு நின்று, அதைத் திருத்த நாளும் விலையும் கொடுக்க வேண்டும். அடிமாட்டு விலைக்குக் கேட்டு, பணத்தை மூன்று மாதம் இழுத்துக் கொடுத்துக்கொண்டே "கூலி ஒழுங்கா குடுக்கிறியா" என்று கேள்வித்தாள் அனுப்புவதில் அர்த்தமில்லை.

அடுத்த கேள்வித்தாள் வந்தபோது, ஆள் கொடுக்கும் ஏஜென்சிக்கும் எங்கள் இரண்டு பெரிய விநியோகஸ்தர்களுக்கும் முதலில் போன் போட்டேன். பிறகு மூன்று இடத்தில் "ஆம்" போடாமல் "இன்னும் தெரியாது, விசாரிக்கிறோம்" என்று எழுதினேன். என் மேலாளருக்கு வயிற்றைக் கலக்கியது. ஓடர் போகவில்லை. எப்போது தெரியும் என்று கேட்டு ஒரு மின்னஞ்சல்தான் வந்தது.

பேனல் போடப் போகிறவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள். பேனலின் பொலிசிலிக்கன் எந்த நாட்டில் இருந்து வந்தது? அதற்கு எழுத்தில் என்ன ஆதாரம் இருக்கிறது? அந்த நிறுவனம் அல்லது இங்குள்ள இறக்குமதியாளர் நவீன அடிமைத்தன அறிக்கை கொடுத்திருக்கிறாரா? அறிக்கைகள் எல்லாம் அரசாங்கத்தின் இணையப் பதிவேட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் "எங்களிடம் ஆபத்து இல்லை" என்று எழுதியவரைவிட "இதைக் கண்டுபிடித்தோம், இதைச் செய்தோம்" என்று எழுதியவரை நான் நம்புவேன்.

நம் தம்பியும் கேட்டுப் பார்த்தார். மூன்று கம்பெனியில் ஒன்றுதான் எழுத்தில் பதில் கொடுத்தது. விலை கொஞ்சம் கூட. அதைத்தான் பூட்டினோம். முழு உத்தரவாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது வேறு வீடுகளுக்குப் போகும்போதும் அந்தக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போவதாகத் தம்பி சொன்னார். "ஐயா கேட்ட மாதிரி இன்னும் ரெண்டு பேர் கேட்டா, மற்றக் கம்பெனிக்காரனும் தருவான் அக்கா."

அந்த இரண்டு பேர் நீங்களாக இருங்கள்.