பழைய கார் தேடுவோருக்கு: முதலில் ஆவணம், அடுத்துத் தகடு, கடைசியில் எஞ்சின்

பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டு நான் ஒரு பழைய காரைத் தேடிப் புறப்பட்டேன். என் தந்தையார் நாகபுரியில் பணியாற்றிய காலத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றது ஃபியட் 1100 டிலைட். குடும்பச் செலவுக்காக அதை விற்ற நாளில் அவர் யாரோடும் பேசவில்லை. அதே வகைக் கார் ஒன்றை வாங்கிச் சீரமைத்து, பேரப்பிள்ளைகளை அதில் ஏற்றிச் செல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

மும்பைப் புறநகரில் ஒன்று கிடைத்தது. பளபளக்கும் வண்ணம், சாவியைத் திருப்பியதும் உறுமும் எஞ்சின். அன்றே ரூ.25,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். பதிவுச் சான்றிதழை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்ததோ மறுநாள்தான். அதில் எரிபொருள் பெட்ரோல் என்றிருந்தது. வண்டியிலோ வேறொரு வாகனத்தின் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. சேசிஸ் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களும் பொருந்தவில்லை. முன்பணம் திரும்ப வரவில்லை. எந்த வரிசையில் பார்த்திருக்க வேண்டுமோ அதற்கு நேர் எதிரான வரிசையில் நான் பார்த்திருந்தேன். அந்த அனுபவம் கற்பித்தவற்றை இதே விருப்பம் கொண்ட வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் எதைப் பழமை என்கிறது?

பழைய கார் ஆர்வலர்களின் உலக வழக்கில் 'விண்டேஜ்' என்பது பொதுவாக முதல் உலகப் போருக்குப் பின் 1930 வரை உருவான கார்களைக் குறிக்கும். நம் நாட்டுச் சட்டத்தின் அளவுகோல் வேறு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர வாகனங்களும் கார்களும் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000. அப்பதிவு 10 ஆண்டுகள் செல்லும், புதுப்பிக்க ரூ.5,000. புதிதாக எண் பெறும் வண்டிகளின் பலகையில் மாநில எழுத்துகளை அடுத்து 'வி.ஏ.' என்ற குறியீடு இடம்பெறும். முன்பே பதிவான வண்டிகள் தம் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

இச்சலுகைக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, இவ்வாறு பதிவான வண்டியை அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்த இயலாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். இரண்டாவது, வண்டி அதன் மூல வடிவிலேயே இருத்தல் வேண்டும். சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருத்தல் கூடாது.

இந்த இரண்டாம் நிபந்தனையைப் பலரும் கவனிப்பதில்லை. புதிய எஞ்சின், குளிர்சாதனம், அகன்ற சக்கரம் என்று ஆசை ஆசையாகச் செலவிட்டு வண்டியை 'மேம்படுத்துகிறார்கள்'. அவ்வாறு செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் அந்த வண்டியைப் பழம்பெரும் வாகனம் என்ற தகுதியிலிருந்து விலக்கக்கூடும். சீரமைத்தல் என்பது இருந்ததை இருந்தபடி மீட்பது, மாற்றியமைத்தல் வேறு.

எனவே தேடும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். வாரம் ஒருமுறையேனும் ஓட்ட விரும்பினால் வழக்கமான பதிவே ஏற்றது. தனிப்பயன் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுகள் செல்லும். பின்னர் தகுதிச் சோதனைக்கு உட்படுத்தி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். தில்லித் தலைநகர் வட்டாரத்தில் பழைய பெட்ரோல், டீசல் வண்டிகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. அங்கே வசிப்பவர்கள் நடப்பு நிலையை அறிந்த பின்னரே விலை பேச வேண்டும்.

எங்கே தேடுவது?

முதன்முறையாக இம்முயற்சியில் இறங்குவோர் இந்தியாவில் பெருமளவில் தயாரான வகைகளைத் தேர்வதே நலம். உத்தரபாடா ஆலையிலிருந்து 1950களின் இறுதி தொடங்கி 2014 வரை வெளிவந்த அம்பாசடர், மும்பை குர்லாவில் உருவாகிப் பின்னாளில் பத்மினி என்று பெயர் பெற்ற ஃபியட், சென்னையில் 1961 முதல் பத்தாண்டு தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை அத்தகையவை. அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் உதிரிபாகங்கள் இன்றும் ஓரளவு எளிதாகக் கிடைக்கின்றன. கொல்கத்தாவின் மல்லிக் பஜார், தில்லியின் மாயாபுரி, சென்னையின் புதுப்பேட்டை ஆகிய சந்தைகளில் பொறுமையாகத் தேடினால் பலவும் அகப்படும். ஹெரால்டுக்கு அலைச்சல் கூடுதல்.

நல்ல வண்டிகள் பெரும்பாலும் விளம்பரத்துக்கு வருவதில்லை. பழைய மருத்துவர் வீடுகள், தேயிலைத் தோட்டப் பங்களாக்கள், சுரங்க நகரங்களின் குடியிருப்புகள், ஓய்வு பெற்ற அலுவலர்களின் கொட்டகைகள் ஆகிய இடங்களில் அவை உறங்கிக் கிடக்கும். அவ்வூரில் முப்பது ஆண்டுகளாகத் தொழில் செய்யும் மெக்கானிக்கையோ டிங்கரிங் பணியாளரையோ கேட்டால், எந்த வீட்டுக் கொட்டகையில் எது நிற்கிறது என்று சொல்லிவிடுவார். கடற்கரை நகரங்களைவிடத் தக்காணம், ராஜஸ்தான் போன்ற வறண்ட பகுதிகளில் ஓடிய வண்டிகளில் துருவின் அழிவு பொதுவாகக் குறைவு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வாங்கும் முன் மூல வடிவம் எப்படி இருந்தது என்பதைக் கண்ணால் காண்பது அவசியம். கோயம்புத்தூரின் ஜி.டி. கார் அருங்காட்சியகம், குருகிராமை அடுத்த தாவ்ருவில் உள்ள பாரம்பரியப் போக்குவரத்து அருங்காட்சியகம் ஆகியவை இதற்கு உதவும். தில்லியில் 1964-இல் தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் பழைய கார் அணிவகுப்பு போன்ற நிகழ்ச்சிகளில் உரிமையாளர்களையே நேரில் சந்தித்து ஐயம் தெளியலாம்.

முதலில் ஆவணம்

ஓடாத வண்டியை வாங்கலாம். ஆவணம் இல்லாத வண்டியை வாங்கக் கூடாது. துருப்பிடித்த தகட்டை மாற்றலாம், இறுகிப்போன எஞ்சினைப் பிரித்துக் கோக்கலாம். இல்லாத உரிமையை எந்தப் பட்டறையிலும் உருவாக்க முடியாது.

மூலப் பதிவுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியில் பொறித்துள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எண் தெளிவாக இல்லையெனில் மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுங்கள். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அம்மாற்றம் சான்றிதழில் பதிவாகியிருக்க வேண்டும். அரசின் பரிவாகன் இணையதளத்திலும் வண்டியின் நிலையைப் பாருங்கள். பழைய கையெழுத்துப் பதிவேடுகளில் உள்ள சில வண்டிகள் அங்கே ஏறாமல் இருக்கக்கூடும். அவற்றுக்கு உரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகுவதே வழி. பதிவின் காலம் முடிந்திருந்தால், தகுதிச் சோதனையும் நிலுவை வரியும் தாமதக் கட்டணமும் எவ்வளவு ஆகும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவை தேவை. பிற மாநில வண்டியாயின் படிவம் 28 வழியே தடையின்மைச் சான்றும் பெற வேண்டும். உரிமையாளர் காலமாகியிருந்தால், வாரிசின் பெயருக்குப் படிவம் 31 மூலம் மாற்றிய பிறகே உங்களுக்கு விற்க இயலும். வாரிசுகளில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு விற்கும் வண்டி பின்னாளில் வழக்கில் முடியக்கூடும்.

மற்றொன்று, வங்கி சார்ந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பே கடன் தீர்ந்திருந்தாலும், சான்றிதழில் உள்ள கடன் அடமானக் குறிப்பு தானாக நீங்காது. கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றோடு படிவம் 35-ஐ அளித்து நீக்க வேண்டும். குறிப்பில் உள்ள வங்கியின் பெயர் இன்று வழக்கில் இல்லாமலும் இருக்கலாம். 2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் வங்கி கனரா வங்கியுடனும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியுடனும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியுடனும் இணைந்தன. அத்தகைய நிலையில், இணைத்துக்கொண்ட வங்கியின் கிளையையே அணுக வேண்டும். இப்பணியை விற்பவர் முடித்துத் தரட்டும். அதுவரை முழுத் தொகையையும் கொடுக்க வேண்டாம்.

அடுத்துத் தகடு

புது வண்ணம் பூசிய பழைய காரைவிட, வண்ணம் உரிந்து நிற்கும் பழைய கார் நேர்மையானது. துருவின் ஓட்டையைப் 'பட்டி' பூசி அடைத்து மேலே வண்ணம் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. காந்தத்துக்குத் தெரியும். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தை உடற்பகுதி முழுவதும் நகர்த்துங்கள். அது பிடிக்காத இடத்தில் தகட்டுக்கு மேல் பட்டி கனமாக இருக்கிறது அல்லது தகடே இல்லை என்று பொருள். கதவுகளின் அடிப்பகுதி, சக்கர வளைவுகள், முன்கண்ணாடியின் கீழ்விளிம்பு, மாற்றுச் சக்கரம் வைக்கும் குழி, கால்மிதியின் கீழுள்ள தரை ஆகியவை நீர் தேங்கும் இடங்கள்.

அம்பாசடர், ஃபியட் போன்றவற்றில் உடற்கூடே பாரத்தைத் தாங்குகிறது. எனவே அவற்றின் தரையும் பக்க விட்டங்களும் அரித்துப்போயிருந்தால் வண்டியின் முதுகெலும்பே பழுதாகிவிட்டது எனக் கொள்ளலாம். ஹெரால்டில் தனிச் சேசிஸ் மீது உடற்பகுதிகள் மறையாணிகளால் இணைக்கப்பட்டுள்ளன. பகுதிகளைக் கழற்றிப் பழுதுபார்க்கலாம். ஆனால் அந்தச் சேசிஸ் சட்டத்தையே கீழிருந்து சோதிக்க வேண்டும். விலை பேசச் செல்லும்போது அனுபவமுள்ள டிங்கரிங் பணியாளர் ஒருவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து உடனழைத்துச் செல்வது வீண் செலவன்று.

கடைசியில் எஞ்சின்

எஞ்சின் ஓடவில்லை என்பதற்காக ஒரு வண்டியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அக்கால எஞ்சின்கள் எளிமையானவை. அதைவிட, வண்டி முழுமையாக இருக்கிறதா என்பதே முக்கியம். கிரில், விளக்கு வளையம், வேகமானி, பெயர்ச்சின்னம், வளைந்த கண்ணாடி, கைப்பிடி எனச் சிறியனவாகத் தோன்றுபவை காணாமற்போயிருந்தால், அவற்றைத் தேடுவதற்கே ஆண்டுக்கணக்கில் அலைய நேரும். இல்லாதவற்றைப் பட்டியலிட்டு, விலை பேசும்போது அதை முன்வையுங்கள்.

எரிபொருள் பற்றியும் ஒரு சொல். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்துள்ளது. பழைய ரப்பர் குழாய்களையும் அடைப்பு வளையங்களையும் அது கெடுக்கும். எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றிய பின்னரே வண்டியை இயக்குங்கள். எரிபொருள் கசிவு தீவிபத்துக்கு வழி வகுக்கும்.

பணக் கணக்கு

வாங்கும் விலையை மொத்தச் செலவாக எண்ணுவதே பலரும் செய்யும் பிழை. கையிலுள்ள தொகையை மூன்றாகப் பிரியுங்கள்: ஒரு பங்கு வண்டிக்கு, ஒரு பங்கு சீரமைப்புக்கு, எஞ்சிய பங்கு எதிர்பாராதவற்றுக்கு. மூன்றாம் பங்கைத் தொடாமலே பணி முடிந்தவர்களை நான் இதுவரை சந்தித்ததில்லை. பயன்படுத்திய கார்களுக்கான வங்கிக் கடன்களில் வண்டியின் வயதுக்கு வரம்பு இருப்பது வழக்கமாதலால், இத்தகைய வண்டிக்குப் பெரும்பாலும் சொந்தச் சேமிப்பையே நம்ப வேண்டும். மருத்துவத்துக்கோ பிள்ளைகளின் கல்விக்கோ ஒதுக்கிய வைப்புத்தொகையை இதற்காக முறிப்பது தகாது. பட்டறைக்குத் தொகை முழுவதையும் முன்கூட்டிக் கொடுக்காமல் தகடு, வண்ணம், எஞ்சின், உள்ளலங்காரம் என ஒவ்வொரு கட்டம் முடிந்த பிறகும் வங்கி வழியே செலுத்தி ரசீது பெறுங்கள்.

மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டில், ஐந்து ஆண்டு கடந்த வண்டியின் மதிப்பு நீங்களும் காப்பீட்டு நிறுவனமும் ஒப்புக்கொள்ளும் தொகையாகவே அமையும். கட்டம் கட்டமாக எடுத்த ஒளிப்படங்களும் ரசீதுகளும் அந்த மதிப்பை நிலைநாட்ட உதவும்.

என் தேடல் முடிந்தது அமராவதியில். காலமாகிவிட்ட மருத்துவர் ஒருவரின் கொட்டகையில் ஃபியட் டிலைட் நின்றது. நான்கு சக்கரங்களிலும் காற்றில்லை, இருக்கைகளை எலி கடித்திருந்தது, எஞ்சின் இறுகியிருந்தது. உடன்வந்த டிங்கரிங் பணியாளர் காந்தத்தோடு அரை மணி நேரம் வண்டியைச் சுற்றிவந்து, தரை உறுதியாக இருக்கிறது என்றார். பதிவுக்காலம் முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. மருத்துவரின் மனைவி முதலில் தம் பெயருக்கு மாற்றி, பிறகு என் பெயருக்கு எழுதிக்கொடுத்தார். அதற்கே நான்கு மாதங்கள் ஆயின. சீரமைப்புக்கு ஒன்றரை ஆண்டு.

வண்டியை இழுத்துச் செல்லும் நாளில், அந்த அம்மையார் சாவிக்கு முன்பாக ஒரு தகரப் பெட்டியை என் கையில் கொடுத்தார். முதல் நாள் விற்பனை ரசீது தொடங்கிக் கடைசியாகக் கட்டிய வரி வரை அத்தனை தாள்களும் ஆண்டு வாரியாக அதில் அடுக்கப்பட்டிருந்தன. "இதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டி எப்போது வேண்டுமானாலும் ஓடும்" என்றார்.