பத்தாம் வகுப்புக்கு முன்னே சாத்தப்படும் கதவு



சென்னையிலிருந்து பெங்களூருக்கு இரயிலில் பிரயாணம் செய்கிறவர்கள் ஜோலார்பேட்டையைக் கடந்த சற்று நேரத்திற்கெல்லாம் குப்பம் என்னும் நிலையத்தைக் காண்பீர்கள். தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒன்றாய்க் காதில் விழும் ஆந்திர எல்லையூர் அது. நம்மில் அநேகர் பண்டிகைக்கும் கலியாணத்திற்கும் ஊருக்குப் போகவர அவ்வழியே கடக்கிறோம். ஆனால் அங்கே பிள்ளைகளுக்காக நடந்துவரும் வேலையை அறிந்தவர் சிலரே.

வங்கி உத்தியோகத்தை விட்டுவந்த ராம்ஜி ராகவன் என்பவர் 1999-ஆம் ஆண்டில் அகஸ்தியா என்னும் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். குப்பத்திற்கு அருகே வறண்டு கிடந்த நிலத்தில் எழும்பிய அதன் வளாகம் 172 ஏக்கர் பரப்புடையது. ஆயினும் என்னைக் கவர்ந்தது அந்த வளாகமல்ல, அவர்களுடைய வண்டிதான். அறிவியல் மாதிரிகளை ஏற்றிக்கொண்டு, ஆய்வுக்கூடம் என்பதையே கண்டிராத அரசுப் பள்ளிகளுக்கு அது போய் நிற்கிறது. மோட்டார் சைக்கிளிலும் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். செய்து காட்டுகிறவர் பெரியவராகவே இருக்கவேண்டுமென்பதும் இல்லை. கிராமத்துப் பிள்ளைகளே பழகிக்கொண்டு மற்றப் பிள்ளைகளுக்கு விளக்குகிறார்கள்.

இத்தகைய மாதிரிகளுக்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. பெரிய தண்ணீர் பாட்டில் ஒன்றின் அடிப்பாகத்தை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் பலூன் தோலை இறுக்கிக் கட்டுங்கள். மூடியில் துளையிட்டு ஒரு குழாயைச் செருகி, அதன் உள்முனையில் சிறிய பலூன் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். காற்றுப் புகாதபடி துளையைச் சுற்றி அடைத்துவிடுங்கள். இப்போது அடித்தோலைக் கீழே இழுத்தால் உள்ளே இடம் பெருகி, காற்றழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று குழாய்வழியே நுழைய, உள்ளிருக்கும் பலூன் உப்புகிறது. நாம் மூச்சு வாங்குவது இப்படித்தான். “உதரவிதானம்” என்ற சொல்லை மனப்பாடம் செய்த பிள்ளைக்கும் அந்தத் தோலைத் தன் விரலால் இழுத்துப் பார்த்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சற்றே யோசியுங்கள்.

ஆகிலும், ஆச்சரியம் மாத்திரம் ஒரு பிள்ளையைப் பொறியாளர் ஆக்கிவிடாது. ஐந்தாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் தெரியாதவன், எட்டாம் வகுப்பில் இயற்கணிதத்தின் முன் ஊமையாய் நிற்கிறான். பிழைப்புக்காக நகரத்திற்கு வந்த குடும்பங்களில் இது இன்னும் கடினம். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறொரு மொழி. நடுவே ஊருக்குப் போய்த் திரும்புவதில் கழியும் மாதங்கள் வேறு.

மும்பையின் குடிசைப் பகுதிகளில் 1995-இல் தொடங்கிய பிரதம் என்னும் அமைப்பு இதற்கு எளிய வழி ஒன்றைக் கையாண்டது. அதே பகுதியில் வசிக்கும், பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண் ஒருத்தியைத் தெரிந்தெடுத்து, “பால்சகி” என்று பெயரிட்டார்கள். வகுப்பில் பின்தங்கிய பதினைந்து, இருபது பிள்ளைகளை அவள் தினமும் இரண்டு மணிநேரம் தனியே அமர்த்தி, எழுத்தையும் எண்ணையும் கற்பித்தாள். அவளுக்கு மாதச் சம்பளம் 500 முதல் 750 ரூபாய்வரை. இதனால் பயன் உண்டா என்று 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வதோதராவிலும் ஆராய்ந்த குழுவில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் இருந்தார்கள். 2019-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள் இவர்களே. பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது என்றும், மிகவும் பின்தங்கியிருந்தவர்களே அதிக நன்மை அடைந்தார்கள் என்றும் அவர்கள் கண்டார்கள். உதவி நின்று ஓராண்டு ஆனபின் அந்த நன்மை வெகுவாய்க் குறைந்துபோனதையும் அவர்கள் மறைக்கவில்லை. கோடை விடுமுறையில் பத்து நாள் வகுப்பு நடத்திப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் நம் வழக்கத்தை எண்ணி, நான் இதை இருமுறை வாசித்தேன்.

பத்திரிகைகள் விரும்பிப் பேசுவது வேறொரு கதையை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் பணமில்லாமையால் போகமுடியாத ஆனந்த் குமார், 2002-இல் பாட்னாவில் “சூப்பர் 30” என்ற பயிற்சியைத் தொடங்கினார். ஏழை மாணவர் முப்பது பேருக்கு ஐ.ஐ.டி. நுழைவுத்தேர்வுப் பயிற்சியோடு உணவும் உறைவிடமும் இலவசம். சமைத்துப் போட்டவர் அவருடைய தாயார். 2008, 2009, 2010 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் முப்பது பேருமே தேறினார்கள். மெச்சத்தக்க காரியந்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த முப்பது பேர் அதற்குமுன் பன்னிரண்டு வருஷம் படிப்பில் தாக்குப்பிடித்தவர்கள் என்பதை மறந்துவிடாதிருங்கள். நம்முடைய பிள்ளைகளில் அநேகருக்கு அந்த வாசலண்டை போய் நிற்கும் வாய்ப்பே வாய்ப்பதில்லை. அவர்களுக்கான கதவு அதற்கு வெகுமுன்பே, சத்தமில்லாமல் சாத்தப்பட்டுவிடுகிறது.

அப்படி ஒரு கதவைச் சாத்தியதில் எனக்கும் பங்குண்டு. பெங்களூரில் எங்கள் சபையைச் சேர்ந்த கொத்தனார் ஒருவரின் மகள் பத்தாம் வகுப்பில் கணிதத்தில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். அவள் தகப்பனார் என்னிடம் யோசனை கேட்க வந்தார். “சயின்ஸ் குரூப் என்றால் டியூஷன் செலவு தாங்காது. காமர்ஸில் சேர்த்துவிடுங்கள், சீக்கிரம் வேலை கிடைக்கும்” என்றேன். அவர் அப்படியே செய்தார். சில வருஷங்களுக்குப்பின் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அந்தப் பெண் என்னைக் கேட்டாள்: “பாஸ்டர், பத்தாவது முடிச்சவுடனே பாலிடெக்னிக்கில் சேரலாமாமே? அப்போ உங்களுக்குத் தெரியாதா?”

உண்மையாகவே தெரியாது. மூன்று வருஷ டிப்ளமா முடித்தவர்கள் அதற்கான நுழைவுத்தேர்வு எழுதிப் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாய்ச் சேரலாம் என்பதும் எனக்குத் தெரியாது. வேதாகமக் கல்லூரியில் படித்தவன் நான். தொழிற்படிப்பைப் பற்றி என்ன தெரியும் என்று நான் சாக்குச் சொல்லலாம். ஆனால் தெரியாது என்று அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்கலாமே!

ஆகையால் இப்போது தெரிந்துகொண்டதில் ஒன்றை உங்களுக்கு எழுதுகிறேன். தேசிய வருவாய்வழி மற்றும் தகுதி உதவித்தொகை என்னும் மத்திய அரசுத் திட்டம் 2008-இல் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் அதற்கான தேர்வை எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படலாகாது. தெரிந்தெடுக்கப்படும் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். தேர்வை அந்தந்த மாநிலமே நடத்துகிறது. ஆகவே, பிள்ளை எங்கே படிக்கிறதோ அங்கே எழுதவேண்டும். வருமானச் சான்றிதழுக்காகக் கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்திற்கு ஓடாதிருங்கள். பிள்ளை ஏழாம் வகுப்பில் இருக்கும்போதே தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். கூலி வேலைக்குப் போகிற தாய்தகப்பன்மாருக்கு ஒருநாள் சம்பளம் போகும் என்பதை அறிவேன், ஆனாலும் போங்கள்.

மகனுக்கு டியூஷன், மகளுக்கு வீட்டுவேலை என்று பிரித்து வைத்திருக்கிறவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அதை இன்னொரு மாதம் பேசுவோம்.

அந்தப் பெண் இப்போது செவ்வாயும் வியாழனும் கடை வேலை முடிந்தபின் எங்கள் சபை மண்டபத்திற்கு வருகிறாள். முன்பெல்லாம் வாரநாட்களின் சாயங்காலத்தில் பூட்டிக் கிடந்த மண்டபம் அது. பதினோரு பிள்ளைகள் வருகிறார்கள். மழை பெய்தால் ஏழு பேர். பத்துத் தீக்குச்சிகளை ஒரு ரப்பர் வளையத்தால் கட்டி ஒரு பத்து என்கிறாள். பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறு என்கிறாள். கடன் வாங்கிக் கழிக்கும்போது ஒரு கட்டை அவிழ்க்கவேண்டும். போன வாரம் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் கட்டை அவிழ்த்து, குச்சிகளை ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்த்து, “ஒன்று குறைகிறது அக்கா” என்றான். எண்ணிப் பார்த்தோம். ஒன்பதுதான் இருந்தது.